குணா அண்ணனுக்காக விட்ட சுற்று

2019 மார்ச் 8, வெள்ளிக்கிழமை. காலை ஆறரைக்கு எழுந்தேன். காப்பி குடிப்பதற்கு முன்பே டிராம்போனின் மௌத்பீஸை மட்டும் உதட்டில் வைத்துச் சிறிது நேரம் ஊதினேன். பிறகு டிராம்போனின் பாகங்களைப் பூட்டி, துணி அலமாரியைத் திறந்து, தொங்கும் சட்டைகளுக்குள் அதன் வாயை நுழைத்து நீண்ட சுரங்களை வாசித்தேன். எங்கள் பட்டர்வொர்த் ஃபிளாட்டில் சுவரைப் பார்த்து ஊதினால் பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும். துணிகள் சத்தத்தைக் குடித்துவிடும். பாசாருக்குப் போய்க் கெம்போங் மீன் வாங்கி வந்தேன். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டேன். டிராம்போனில் நீட்டி மடக்கும் குழாயான ஸ்லைடைத் துடைத்துப் புதிதாக க்ரீம் தடவினேன். சாப்பிட்டுச் சற்றுப் படுத்துவிட்டு, மூன்று மணிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஃபெரிக்கு நடந்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் இருபது வருடத்துக்கும் மேலாக இதுதான் என் ஒழுங்கு. அன்று ஒரே ஒரு மாற்றம். வழக்கமாக ஃபெரியில் கம்பியைப் பிடித்துக் கடலைப் பார்த்தபடி நிற்பேன். அன்று ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, எந்த வாத்தியக்காரனும் மூச்சு வாங்காத இடங்களில் மூச்சு வாங்குவதற்குப் பழகிக்கொண்டே அக்கரை ஜார்ஜ் டவுனுக்குப் போனேன்.

அந்த நாளைப் பற்றி யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது எழுதத் தூண்டியது ஒரு கல்யாண விருந்து. பிறை ஊரில் ஒரு மண்டபம். உறவுக்காரப் பையனின் கல்யாணம். நன்றாக வாசிக்கும் இளம் பேண்டு ஒன்று வந்திருந்தது. ஐந்து பேர் காதிலும் சின்ன இயர்போன். அதற்குள் மெட்ரோனோம் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்குமாம். ஐவரும் ஒரே வெட்டாகத் தொடங்கினார்கள், ஒரே வெட்டாக நிறுத்தினார்கள். இடைவேளையில் கிட்டார் வாசித்தவர் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, நீங்க ஹோட்டல்ல ஜாஸ் வாசிச்சவராம்ல? கிளிக் இல்லாம எப்படி ஸ்டார்ட் பண்ணுவீங்க? ஒன், டூ சொல்லுவீங்களா?"

"இல்ல தம்பி. மூச்சு இழுப்போம்."

"யோகா பேண்டாண்ணே?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின் அந்தச் சிரிப்பு என்னிடம் தங்கவில்லை.

என் ஆரம்பம் சுருக்கமானது. அப்பாவுக்கு மாக் மண்டினில் தொழிற்சாலை வேலை. பள்ளி பேண்டில் டிரம்பெட்டுகளையெல்லாம் கொடுத்து முடித்துவிட்டார்கள். மிச்சமிருந்த டிராம்போனுக்குக் கை நீளமான ஒருவன் வேண்டியிருந்தது. பள்ளிக்குப் பிறகு சீனர்களின் சாவு ஊர்வலங்களில் வாசித்தேன், பிறகு கல்யாணங்களில், பிறகு ஒரு சுற்றுலாக் கப்பலில். முப்பது வயதை ஒட்டி ஜார்ஜ் டவுனில் கடலோர ஹோட்டல் ஒன்றின் லவுஞ்சில் மிஸ்டர் ரெமியின் பேண்டில் இடம் கிடைத்தது. அதை விட்டு நான் வேறெங்கும் போகவில்லை.

மிஸ்டர் ரெமி புலாவ் திக்குஸ்காரர், யுரேசியர், பியானோ வாசிப்பவர். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பியானோவை அவர் போட்டிருந்த விதத்தில் அவருடைய முதுகுதான் எங்களுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த அன்று, சார், நீங்கள் சைகை காட்டினால் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நான் சைகை காட்டுவதில்லை," என்றார் ஆங்கிலத்தில். "கையை அசைத்தால் விருந்தாளிகள் கையைப் பார்ப்பார்கள். எண்ணினால் எண்ணிக்கையைக் கேட்பார்கள். மூச்சு உங்களுக்கு மட்டும்தான் கேட்கும்."

ஒத்திகை வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்கு, லவுஞ்சு திறப்பதற்கு முன். தடித்த திரைகளை இழுத்து மூடச் சொல்வார். விளக்கை அணைப்பார். ஏர்கானையும் நிறுத்திவிடுவார். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே கையைக் கண் முன் வைத்தாலும் தெரியாது. அந்த இருட்டில் ஐந்து பேர் உட்கார்ந்திருப்போம். பியானோவில் மிஸ்டர் ரெமி, டிரம்ஸில் டேவிட், அடிச் சுரம் தரும் பாஸில் ஜோஹாரி, சாக்ஸஃபோனில் குணா அண்ணன், அவருக்கு வலப்பக்கத்தில் நான். யாராவது ஒருவர் மூச்சிழுக்க வேண்டும். எவ்வளவு வேகம், எவ்வளவு சத்தம், எல்லாம் அந்த ஒரு மூச்சில் இருக்கும். அது முடியும் புள்ளியில் மற்றவர்கள் சேர்ந்து உள்ளே வரவேண்டும். முதல் சில மாதங்கள் பெயரைச் சொல்லித் தொடங்கச் சொல்வார். பிறகு பெயரும் இல்லை. இழுப்பது யார் என்று மூச்சிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

தெரிந்தது. மிஸ்டர் ரெமியின் மூச்சில் மூக்கோரம் மெல்லிய விசில் இருக்கும். டேவிட் சுடுதண்ணீர் உறிஞ்சுவதுபோல் பல்லிடுக்கில் இழுப்பான். ஜோஹாரியினுடையது கேட்கவே கேட்காது, அவர் பக்கத்துக் காற்று அசைவதுதான் தெரியும். என்னுடையது பஞ்சரான டயரைப் பின்னோக்கி ஓட்டினாற்போல் இருக்கும் என்பது டேவிட்டின் அபிப்பிராயம். குணா அண்ணனுக்குச் சின்ன வயதில் நெஞ்சில் வந்த நோயால் மூச்சு இரண்டாக வரும். முதலில் ஒரு சிறு மிடறு. அது நிற்கும். பிறகு நீளமாக ஒன்று. அந்த நடு நிறுத்தத்தில் பேண்டு முழுவதும் அவரோடு சேர்ந்து அந்தரத்தில் நிற்கும். அதில் ஒரு சுகம் உண்டு.

ஒருநாள் ஜோஹாரி காய்ச்சலில் வரவில்லை. நான்கு பேராக இருட்டில் உட்கார்ந்தபோது அவர் இருக்கும் பக்கத்துக் காது மட்டும் எனக்குச் சில்லென்றிருந்தது. மிஸ்டர் ரெமியின் இன்னொரு விதியை அன்றுதான் கற்றேன். பாஸின் கீழ்ச் சுரங்களை நான் டிராம்போனில் எடுத்துக் கொடுத்தேன். உதவி என்று நினைத்தேன். அவர் பியானோவை நிறுத்தினார்.

"வராதவன் இடத்தில் வாசிக்காதே. அவன் வரும்போது எங்கே உட்காருவான்?"

குணா அண்ணன் 2018இல், தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு இறந்தார். காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்தாராம். ஜெலுத்தோங்கில் அவர் ஃபிளாட்டின் ஹாலில் கிடத்தியிருந்தார்கள். நான் தலைமாட்டில் நின்றேன். அழுகைச் சத்தத்துக்கு நடுவே என் இடது கால் முன்னால் வந்திருப்பதையும், உதடு இறுகியிருப்பதையும் சற்றுக் கழித்துத்தான் கவனித்தேன். வாசிப்பதற்குத் தயாராக நின்றுகொண்டிருந்தேன். நிமிர்ந்தால், எதிரே டேவிட்டும் இரண்டு கைகளையும் இடுப்புயரத்தில் வைத்தபடி நின்றிருந்தான். இருவரும் அந்தச் சிறு மிடறுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

வேறு சாக்ஸஃபோன்காரர் வேண்டாம் என்று மிஸ்டர் ரெமி சொல்லிவிட்டார். மற்ற பாட்டுகளை நால்வருக்கு ஏற்றபடி மாற்றினார். ஒன்றை மட்டும் மாற்றவில்லை. அது அவரே எழுதிய மெதுவான பாட்டு. பெயர் கிடையாது. நாங்கள் 'ஸ்லோ' என்போம். அதில் முதல் சுற்று பியானோவுக்கு, முழுதாக முப்பத்திரண்டு பார், அதாவது தாளக் கட்டம். இரண்டாவது சுற்று குணா அண்ணனுக்கு. மூன்றாவது எனக்கு. அந்த இரண்டாவது சுற்றை அப்படியே விட்டார். டேவிட் டிரம்ஸைப் பிரஷ்ஷால் மெல்லத் தேய்ப்பான், ஜோஹாரியின் பாஸ் நடக்கும், பியானோ அடியில் தொட்டுத் தொட்டுப் போகும். மேலே ஒன்றும் இருக்காது. சுற்று முடியும் இடத்தில் நான் மூச்சிழுத்து உள்ளே வருவேன். அந்த வெற்றிடத்தை முடித்துவைப்பது என் வேலையாயிற்று. விருந்தாளிகள் அதையும் ஒரு பாணி என்று நினைத்தார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் ஒருமுறை அந்த வெறும் சுற்று முடிந்ததும் மனமாரக் கைதட்டினார். எங்களில் யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வெள்ளிக்கிழமை பத்மா அக்கா வந்தார். குணா அண்ணனின் மனைவி. அதற்கு முன் லவுஞ்சுக்கு அவர் வந்து நான் பார்த்ததில்லை. தூணை ஒட்டிய மேசையில் தனியாக உட்கார்ந்து லிமாவ் ஐஸ் என்ற எலுமிச்சைச் சாறு வாங்கி வைத்துக்கொண்டார். 'ஸ்லோ' வந்தது. இரண்டாவது சுற்றில் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் எழுந்து போய்விட்டார். கிளாஸ் தொடாமல் இருந்தது. அதன் பிறகு எல்லா வெள்ளிக்கிழமையும் வந்தார்.

தைப்பூசம் முடிந்த வாரம் அது முதல்முறை நடந்தது. குணா அண்ணன் தன் சுற்றின் நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கிப் பாட்டை உயர்த்துவார். அந்த மூச்சைக் கேட்டதும் டேவிட் பிரஷ்ஷைப் போட்டுவிட்டுக் குச்சிக்கு மாறுவான், ஜோஹாரி பாஸின் நடையை இரட்டிப்பார், மிஸ்டர் ரெமி மேல் ஸ்தாயிக்குத் தாவுவார். வெறுமையாக விட்ட நாளிலிருந்து அது நடப்பதில்லை. எதற்கு நடக்க வேண்டும்? அன்று நடந்தது. அதே இடத்தில், மூவரும் ஒரு நூலிழை பிசகாமல் சேர்ந்து உயர்ந்தார்கள். என் கையில் டிராம்போன் தானாகப் பாதி உயரத்துக்கு வந்திருந்தது. மேலே வாசிக்க ஆள் இல்லாமல் பாட்டு அத்தனை சத்தத்தோடு போய்க்கொண்டிருந்தது.

உள்ளறைக்கு வந்ததும் டேவிட் கதவைச் சாத்தினான்.

"யாருலா மூச்சு விட்டது?"

"நீதான்லா," என்றார் ஜோஹாரி. எங்களோடு பழகிய தமிழும் மலாயும் கலந்துதான் பேசுவார். "நான் பாஸ் வாசிக்கிறவன். எனக்கு மூச்சு எதுக்கு?"

"டேய் சேகர், வெளையாடாத. குச்சிய நான் எடுக்கல. பாத்தா கையில இருக்கு."

"நான் இல்ல டேவிட்."

"ரெண்டு மொடக்கா இழுத்துச்சுடா. நம்மள்ள எவன் ரெண்டு மொடக்கா இழுக்கிறான், சொல்லு?"

மிஸ்டர் ரெமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சரியான இடத்தில் வந்தோமா?" என்று கேட்டார்.

"வந்தோம் சார்."

"அப்படியானால் நல்லது," என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேநீர் குடிக்கப் போனார்.

அடுத்த வெள்ளியும் அந்த மூச்சு வந்தது. அதற்கடுத்த வெள்ளியும். நான் காரணம் தேடுகிற ஆள். மதியமே போய் ஏர்கான் துளைகளுக்கு அடியில் நின்று பார்த்தேன். லிஃப்ட் கதவு மூடும் சத்தத்தைக் கேட்டேன். எதுவும் இரண்டு மிடறாக இழுக்கவில்லை. ஆனால் மூன்றாவது முறை நடந்தபோது மேசைகளைப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒன்று கண்ணில் பட்டது. பாட்டு உயரும் அந்த இடத்தில் தூணருகே பத்மா அக்காவின் தோள்கள் லேசாக ஏறின, நின்றன, பிறகு நன்றாக ஏறின. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இத்தனை வருடம் கூட வாழ்ந்தவர். அவர் மூச்சு இவருக்குப் பழகிவிட்டது, அதைக் கேட்டு நாங்கள் பழக்கத்தில் ஓடுகிறோம். அன்று நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் முதல் வாரம் ஒரு பகலில் ஜெலுத்தோங் போனேன். பத்மா அக்கா பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். சிரம்பானிலிருந்து மகள் வாணி வந்திருந்தாள்.

"வா தம்பி," என்றார் அக்கா. நின்றார். "கோப்பி," என்றார். நின்றார். "கலக்கட்டுமா?"

பதினாறாம் நாள் காரியத்தன்று ஹாலில் நின்று வந்தவர்களையெல்லாம் உபசரித்தவர். இப்போது ரவிக்கைக் கை தளர்ந்து தொங்கியது. ஒரு துண்டை உதறிவிட்டுக் கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எக்ஸ்ரே எடுத்தாச்சு அங்கிள், இசிஜி எடுத்தாச்சு," என்றாள் வாணி. "லங்ஸ் கிளியர்ங்கிறாங்க. வாரம் பூரா கொஞ்சம் கொஞ்சமா தேறி வருவாங்க. சனிக்கிழமை காலைல பாத்தா மறுபடி இப்படி. என்னோட வாங்கம்மான்னா வரமாட்டாங்களாம். வெள்ளிக்கிழமை அப்பாகிட்ட போகணுமாம்."

நான் சிரித்தபடியே கேட்டேன். "அக்கா, பாட்டு நடுவுல மூச்சு இழுத்து எங்கள ஏமாத்துறது நீங்கதானே? நான் பாத்துட்டேன்."

"நானா?" அக்காவும் சிரித்தார். "அவரு வாசிக்கிறப்ப... நான் மூச்ச அடக்கிக்கிட்டுல்ல இருப்பேன். கல்யாணமான நாள்லேர்ந்தே... அப்படித்தான். சின்னச் சத்தம் கேட்டாலும்... கோவம் வரும் அவருக்கு."

"தோள் ஏறுச்சேக்கா?"

"அது நான் இழுக்கல தம்பி. அவரு எடுத்துக்கிறாரு."

"என்னத்த?"

"எங்கிட்ட இருக்கிறதத்தான். வேற யாருகிட்ட போவாரு?" கொடிக்கம்பியை விட்டு உட்கார்ந்தார். முகத்தில் புதுப் பெண்ணின் களை இருந்தது. "மொதல்ல கொஞ்சமாத்தான்... எடுத்தாரு. இப்ப நல்லா பழகிக்கிட்டாரு. எடுத்துக்கட்டும். பாவம், அவருக்கு எப்பவுமே... மூச்சு பத்தாது."

வாணி என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டாள். கதவைப் பாதி சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அங்கிள், அந்த கேப்ப அடைச்சிருங்க. நீங்கதானே அடுத்து வாசிக்கிறீங்க. ப்ளீஸ். இன்னும் ரெண்டு வெள்ளிக்கிழமை போனா அம்மா இருக்கமாட்டாங்க," என்றாள்.

நேராக மிஸ்டர் ரெமியின் வீட்டுக்குப் போனேன். குணா அண்ணனின் சுற்றை நான் வாசித்து மூடட்டுமா என்று கேட்டதும் அவர் ஆச்சரியப்படவில்லை. சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றி மறுபடி போட்டார்.

"அது அவன் இடம்."

"அக்கா செத்துப்போவாங்க சார்."

மற்றக் கையின் பொத்தானையும் கழற்றிப் போட்டார். பிறகு சொன்னார்: "நான் உங்களிடம் கேட்டது எப்போதும் ஒன்றுதான். மூச்சு கேட்டால் உள்ளே வாருங்கள். யாருடைய மூச்சு என்று நான் கேட்டதில்லை."

"நான் முதல்ல இழுத்தா?"

"அப்போது நீ முதல்." நான் செருப்பு மாட்டும்போது வாசலுக்கே வந்தார். "அவன் எங்கெங்கே மூச்சு வாங்குவான் என்று உனக்குத் தெரியும். அந்த இடங்களில் மட்டும் வாயை எடுக்காதே. சந்து கிடைத்தால் வந்துவிடுவான். அவன் நல்ல வாத்தியக்காரன்."

இதிலுள்ள சிரமத்தை ஊதாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவு மெதுவான ஒரு சுற்றை ஒரே மூச்சில் வாசிக்க எந்த மனிதனாலும் முடியாது. பல இடங்களில் காற்று வாங்கியே ஆகவேண்டும். வாங்கும் இடங்கள் பாட்டிலேயே இருக்கும், பேச்சில் வாக்கியம் முடியும் இடங்களைப் போல. குணா அண்ணனும் அங்கேதான் வாங்குவார், நானும் அங்கேதான், எவரும் அங்கேதான். இப்போது நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் அதன் முடிவைத் தாண்டி இழுத்துக்கொண்டு போய், ஒரு சொல்லின் நடுவில் உடைத்துக் காற்று வாங்க வேண்டும். கேட்பதற்குத் திக்குவாயன் பேசுவதுபோல் இருக்கும். இருபது வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் எந்த இடங்களை மூட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதைத்தான் ஃபெரியில் பழகினேன்.

அந்த வெள்ளிக்கிழமை இரவு ஏழரை மணிக்குத் தொடங்கினோம். பத்மா அக்கா வாணியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து தூணருகே உட்கார்ந்தார். மூன்றாவதாக 'ஸ்லோ'. பியானோவின் சுற்று முடிந்தது. நான் எழுந்து நின்று மூச்சிழுத்து, குணா அண்ணனின் சுற்றுக்குள் நுழைந்தேன்.

டேவிட்டின் பிரஷ் ஒருமுறை இடறியது. அக்கா கண்ணைத் திறந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வாசித்தேன். முதல் வாக்கியத்தின் முடிவை மூடினேன், அடுத்ததன் நடுவில் உடைத்துக் காற்று வாங்கினேன். அசிங்கமாக இருந்தது. முன்மேசையில் ஒருவர் நான் குடித்திருக்கிறேனா என்று பார்ப்பதுபோல் நிமிர்ந்தார். மூன்றாவதை மூடினேன். நான்காவதை மூடினேன். நடு இடம் வந்தது. தாழ்ந்த ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் அப்படியே நின்றேன். விலா எரிந்தது. அப்போது என் இடது காதோரம், அவர் தலை இருந்திருக்கக்கூடிய உயரத்தில், அந்தச் சிறு மிடறு கேட்டது.

அது நின்றது. காத்திருந்தது. அவர் உயிரோடிருந்தபோது எவ்வளவு நேரம் நிற்குமோ அதற்கு மேலும் நின்றது. நான் சுரத்தை விடவில்லை. நீண்ட மூச்சு வரவில்லை. பிரஷ் பிரஷ்ஷாகவே இருந்தது. இடம் கடந்துபோயிற்று.

மீதிப் பாதியையும் உடைத்து உடைத்துக் கொண்டுபோனேன். கடைசி நான்கு பாரில் என்னிடம் காற்று இல்லை. கண் முன் பொட்டுப் பொட்டாகப் பறந்தது. சுற்று முடியும் இடம் ஒன்றுதான் மிச்சம். அங்கே நானும் வாங்கித்தான் ஆகவேண்டும், அவரும் அங்கேதான் கடைசியாக வாங்குவார். வேறு வழியில்லை. உதட்டை எடுத்தேன்.

ஒரு சிறு மிடறு உள்ளே போயிற்று. நின்றது. நிறுத்தியது நான் இல்லை. பிறகு நீளமாக ஒன்று, என் வாழ்க்கையில் அவ்வளவு நிறைவான மூச்சை நான் இழுத்ததில்லை. அது முடிந்த புள்ளியில் மூவரும் சேர்ந்து உயர்ந்தார்கள். நானும் வாசித்தேன். என்ன வாசித்தேன் என்பது ஞாபகம் இல்லை. நல்லா இருந்துச்சு, ஆனா உன் கை மாதிரி இல்லலா என்று டேவிட் பிறகு சொன்னான்.

பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்வதற்குள் பத்மா அக்கா மேடைக்கு முன்னால் வந்து நின்றார்.

"என்ன வேல பண்ணிட்ட நீ, இருவது வருஷம் அவரு பக்கத்துல உக்காந்து வாசிச்சியே, ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு அவருக்குன்னு விடமாட்டியா, தம்பி தம்பின்னு உனக்கு என் கையால சோறு போட்டேனே, அதுக்கு நீ செய்யிற மரியாதையா இது!"

இதை எங்கும் நிற்காமல் சொன்னார். அவர் பின்னால் வந்த வாணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அம்மாவின் கோபத்துக்காக அழவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அக்காவின் கழுத்தில் நரம்பு புடைத்து, முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. டிராம்போனைத் தாழ்த்திப் பிடித்தபடி நின்றேன். மிஸ்டர் ரெமி எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே பியானோவின் மூடியை இறக்கினார். அந்தப் பாட்டை அவர் மறுபடி எடுக்கவே இல்லை.

அதன் பிறகு அந்த ஆண்டுக் கடைசி வரை வாசித்தேன். மூச்சு போதாமல் நீண்ட சுரங்கள் பாதியில் அறுந்தன. உடைந்த சுரங்களுக்கு ஹோட்டல் சம்பளம் கொடுக்காது, கொடுக்கவும் கூடாது. விலகிக்கொண்டேன்.

அந்த இரவுக்கு மறுநாள், மார்ச் 9, சனிக்கிழமை. எழுந்ததும் போனில் வாணியின் செய்தி இருந்தது. அம்மா சிரம்பானுக்கு வரச் சம்மதித்துவிட்டார், காலையிலேயே கிளம்புகிறோம், லிஃப்ட் ஓடவில்லை, சாமான் இறக்க முடியுமா அங்கிள் என்று கேட்டிருந்தாள். வேறெதுவும் செய்யாமல் ஃபெரி ஏறிப் போனேன். கதவைத் திறந்த அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. சேலைகள் வைத்த ஒரு பையை என் பக்கம் நகர்த்திவிட்டு, குளியலறைச் சன்னலைச் சாத்தினாயா, அரிசி டின்னை மூடினாயா என்று வாணியிடம் ஓயாமல் கேட்டுக்கொண்டே படியிறங்கினார். ஆறாவது மாடி. இரண்டாவது திருப்பத்தில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பை கனமில்லை. அடுத்த திருப்பத்திலும் நின்றேன். மூச்சு இரண்டு மிடறாகத்தான் வந்தது. கீழே அவர்களுடைய செருப்புச் சத்தம் தூரமாகி, பிறகு நின்றது. கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையே பார்த்தேன். பத்மா அக்கா இரண்டு மாடி கீழே தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அசையாமல் நின்று, நான் மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வாணியைக் காருக்குப் போகச் சொன்னார். தானே மேலே ஏறி வந்தார்.

"மெதுவா வா," என்றார். "நான் இருக்கேன்."

பையின் ஒரு காதை அவர் பிடித்துக்கொண்டார்.